மான்கள் நக்கிய சுவர்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி வாங்கியவன் நான். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போதும் இருக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

இரண்டாம் உலக யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிக் கண்ட இடமெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கலியாணமாகி நாலு மாதத்தில் திரியாயிலிருந்து வேலை தேடி வந்த என்னிடம், "பெயின்ற் அடிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார், வேலையாட்களை மேற்பார்க்கும் ஓவசியர்.

"ஓம் ஐயா, ஊரில எனக்கு அதுதான் வேலை."

(ஊரில் நான் பெயின்ற் அடித்த ஒரே பொருள் மாமனாரின் தோணி. அதுவும் பாதி.) ஒரு கிழமைக்குள் நான் ஓடிவந்துவிடுவேன் என்று மாமனார் என் மனைவியிடம் அடித்துச் சொல்லியிருந்தார். ஆகவே ஓடவும் வழியில்லை.

கிண்ணியாவைச் சேர்ந்த லத்தீப்போடு என்னைச் சோடி சேர்த்தார்கள். அவனுக்கும் என் வயதுதான். நான் பிறஷைப் பிடித்த விதத்திலேயே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவது, வெடிப்பை அடைப்பது, பிறஷை மேலிருந்து கீழே இழுப்பது என்று ஒவ்வொன்றாக, ஓவசியர் காதில் விழாமல் சொல்லித்தந்தான்.

முதல் பெரிய வேலை, கோட்டைப் பக்கம் அதிகாரிகள் தங்கும் ஒரு வெள்ளைக் கட்டடம். யப்பான் விமானங்களின் கண்ணில் படாதபடி அதை மண்நிறமாக்க வேண்டும். சுண்ணாம்பில் காவிமண்ணும் கரியும் கலந்த பூச்சு.

"வாளிக்கு ஒரு பிடி உப்புப் போடு மச்சான், அப்பத்தான் சுவரில ஒட்டும்" என்று சொல்லிவிட்டு லத்தீப் வேறு வேலைக்குப் போனான்.

ஒரு பிடிக்கே ஒட்டுமென்றால், அரை மூட்டைக்கு எப்படி ஒட்டும்! (அந்நாளில் என் மூளை இப்படித்தான் வேலை செய்தது.) கிழக்குச் சுவர் முழுவதையும் சனிக்கிழமை தனியாகவே அடித்து முடித்து, ஞாயிறு முழுவதும் என்னை நானே மெச்சிக்கொண்டு படுத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை போனால், சுவரோடு ஒட்டி ஏழெட்டு மான்கள். அந்தப் பக்கம் மாடுகளைப் போல மான்களும் திரிவது வழமைதான். ஆனால் இவை திரியவில்லை, நக்கிக்கொண்டிருந்தன. நெஞ்சு உயரத்துக்குக் கீழே என் பூச்சு திட்டுத்திட்டாய்ப் போய், பழைய வெள்ளை பல்லிளித்தது. துரத்தினேன். ஒன்று மட்டும் காவி படிந்த வாயோடு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் நக்கியது.

லத்தீப் வந்து சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் கோணியது.

"எவ்வளவு போட்ட நீ?"

"அரை மூட்டை."

"டேய், நீ சுவருக்குப் பூசினியா, கருவாடு போட்டியா?"

அதற்குள் ஓவசியர் வந்துவிட்டார். கூடவே வெள்ளைக்காரத் துரை. எனக்கோ மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது என்பதே யோசனை. துரை சுவரைப் பார்த்தார். பின்பக்கமாகவே நடந்தார். இன்னும் தள்ளிப் போய்க் கண்ணைச் சுருக்கினார். பிறகு ஓவசியரிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று, "ஐயா, உப்பை அளவுக்கு மிஞ்சிப் போட்டது நான்தான்..." என்று தொடங்கினேன்.

"வாயை மூடும்!" சிரித்த முகம் மாறாமல் பல்லுக்குள்ளால் சொன்னார் ஓவசியர். "திட்டுத்திட்டா அடிச்சதால தூரத்தில சுவரே தெரியேல்லையாம். அடிச்சவன் மூளைக்காரனாம். மேற்குச் சுவரையும் இப்பிடியே அடிக்கட்டாம்."

அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நழுவியது. லத்தீப்தான் எட்டிப் பிடித்தான்.

மேற்குச் சுவரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி, ஒவ்வொரு திட்டாய் யோசித்து யோசித்து அடித்தேன். துரை வந்தார். இந்த முறை தள்ளிப் போய்ப் பார்க்கவேயில்லை. ஓவசியர் என்னிடம் திரும்பினார்.

"கிழக்குச் சுவர் அடிச்சவனை விடவேண்டாமாம். மேற்குச் சுவர் அடிச்சவனுக்கு வேலை தெரியாதாம், முதலிலயிருந்து பழக்கட்டாம்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டும் நீர்தானே? அப்ப இரும். இருந்து பழகும்."

யுத்தம் முடியும்வரை அங்கேயே இருந்தேன். வேலையையும் உண்மையாகவே பழகினேன். பிறகு நகரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அடித்திருக்கிறேன். யாராவது வந்து புகழ்ந்தால் போதும், குசினி அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்பாள்: "அது இவர் அடிச்சதோ, மான் அடிச்சதோ?"

போன மாதம் பேத்தி சித்திரத்துக்கு முதல் பரிசு வாங்கிவந்தாள். கெட்டிக்காரி என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. "எந்த மான் கீறித் தந்தது?" என்றுதான் கேட்டார்கள்.