பொட்டு வைத்த பக்கம்

காசிராஜன் ஒரு பெரிய முடிவெடுத்தார். பாட்டு விஷயத்தில் பெண்டாட்டியிடம் யோசனை கேட்பதில்லை. துணிமணி, பலசரக்கு, பஸ்ஸு நேரம் எதிலுமே அவர் கேட்டதில்லைதான். ஆனாலும் இதைத் தனியாக ஒரு முடிவாக எடுத்தால்தான் மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

அருப்புக்கோட்டை பஜாரில் அவருக்குப் பலசரக்குக் கடை. கடை போதாதென்று ஒரு மைக் செட்டும் வாங்கிவிட்டார். முதல் அழைப்பும் வந்தது. நரிக்குடிப் பக்கம் இருளப்பசாமி வீட்டுக் காதுகுத்து. அங்கே பேர் வாங்கினால் பங்குனிப் பொங்கலுக்கு மூன்று நாளும் அந்த ஊரில் இவர் மைக் செட்டுக் குழாய்தான் பாடும். பேர் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆள் இருந்தார். போன வருஷம் காரியாபட்டிக்காரர் ஒருவர், பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றுகிற நேரத்தில் தெரியாமல் ஓர் அழுகைப் பாட்டைப் போட்டுவிட்டார். ஒரே ஒரு வரிதான் பாடியது. அன்றைக்குக் கழற்றின குழாயை அந்த வட்டாரத்தில் எந்த மரத்திலும் அவர் மறுபடி கட்டவில்லை.

பாட்டுப் போடுகிற மிஷின் மதுரையில் தயாராகிக்கொண்டிருந்தது. விசேஷத்தன்று நேராக அந்த ஊருக்கே பஸ்ஸில் வந்து இறங்கும். இசைத்தட்டு என்கிற பிளேட்டுக் கட்டு மட்டும் முன்னாடியே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே பாட்டைக் கேட்காமலேயே பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காசிராஜன் அசரவில்லை. அட்டையைப் பார்த்தார். எந்த அட்டையில் கதாநாயகனும் கதாநாயகியும் பல் தெரியச் சிரிக்கிறார்களோ, அதை எடுத்தார். மூடின வாயெல்லாம் தள்ளுபடி. பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிற மாதிரி இருபத்திரண்டு பிளேட்டு தேறியது.

வில்லங்கமே அங்கேதான். சினிமாவில் பல் தெரியச் சிரிக்கிற சோடி பின்னால் பிரியாமல் இருக்குமா? ஒரே பாட்டை முதலில் சேர்ந்து சிரித்துப் பாடுவார்கள். அப்புறம் பிரிந்து அழுது பாடுவார்கள். பிளேட்டில் ஒரு பக்கம் கொண்டாட்டம், மறுபக்கம் திண்டாட்டம். மதுரைக் கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார்: "பக்கம் பாத்துப் போடுங்க அண்ணாச்சி. சந்தோஷமா சோகமான்னு நடுவுல எழுதியிருக்கு."

"எனக்குத் தெரியாதாய்யா" என்று வாங்கிவந்துவிட்டார். எழுதியிருந்தது இங்கிலீஷில்.

காசிராஜன் ஐந்தாம் வகுப்பு. பெண்டாட்டி கஸ்தூரி எட்டாம் வகுப்பு. மேலேயும் படித்திருப்பாள், படித்தது போதும் என்று அவள் அப்பா காசிராஜனைக் காட்டி நிறுத்திவிட்டார். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆளிடம் கேட்பது அவமானம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எதிலும் இல்லை. ஆண்பிள்ளைகள் இந்த மாதிரிச் சட்டங்களை எழுதி வைப்பதே இல்லை.

மூன்று நாளாக அவர் ஜன்னலோரம் நின்று பிளேட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஏங்க, பிளேட்டுல மொகம் பாக்குறீகளா?"

"வாசிக்கிறேன்."

"தலைகீழாப் பிடிச்சிருக்கீக."

"சுத்துறப்ப எப்படியும் தலைகீழாத்தான் போகும். பழகிக்கிறேன்."

"குடுங்க, எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்."

"ஒனக்கு என்ன தெரியும்? புளியைத் திருப்பிப் போட்டுக் காயவைக்கிற வேலைன்னு நெனச்சியா?"

"புளியைத் திருப்பிப் போடாட்டித்தான் அழுகும். இது திருப்பிப் போட்டாலே அழுகும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பெண்டாட்டி பேச்சுக்குச் சிரிப்பதும் ஒருவகையில் யோசனை கேட்பதுதானே!

விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டியைக் கட்டப் போனார். இருபத்திரண்டு பிளேட்டிலும் ஒரு பக்கம், நட்டநடுவில், குங்குமப் பொட்டு.

"என்னது இது?"

"பொட்டு வெச்ச பக்கத்தப் போடுங்க. மங்களமா இருக்கும்."

"யாரு ஒன்னய வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க சொல்றதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் காது குத்தி, கல்யாணமே முடிஞ்சிரும்."

காசிராஜனுக்கு அப்போதுதான் வழி புலப்பட்டது. பதினோரு வருஷமாக அவருக்கு ஒரு கொள்கை உண்டு. அவள் சொன்னதற்கு நேர் எதிராகப் போவது. கடை வாசலைக் கிழக்கே வைக்கச் சொன்னாள், மேற்கே வைத்தார். தினமும் சாயங்கால வெயிலில் வெல்லம் உருகி ஓடுகிறது. கொள்கை உருகவில்லை. ஆகவே பொட்டு இல்லாத பக்கம்தான் என்று தீர்மானமாயிற்று.

மறுநாள் காலையில் குழாய் இரண்டும் வேப்பமரத்தில் ஏறின. முதல் பிளேட்டு, பொட்டு இல்லாத பக்கம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே கும்மாளம். கண்மாய்க்கரை வரை கேட்டது. பத்து பிளேட்டு ஓடியது, பத்தும் கும்மாளம். பந்தலில் தலைகள் ஆடின. காசிராஜன் தோளில் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து இருளப்பசாமி மைக் செட்டுப் பக்கம் வந்தார்.

"அண்ணாச்சி, குத்துற நேரத்துக்கு நல்ல பிளேட்டாப் போடுங்க. அட, பொட்டெல்லாம் வெச்சிருக்கே! அந்தப் பக்கத்தப் போடுங்க. மங்களமா இருக்கும்."

"அது... அது எங்க வீட்டுல வெச்சது."

"மகராசி வெச்ச பொட்டா? அப்ப இன்னும் விசேஷம். திருப்புங்க. ஏ ஆசாரி, சித்த பொறும்!"

ஊரே திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லை. பிளேட்டைத் திருப்பினார். சத்தத்தைச் சுத்தமாக மூடிவைத்து, மிஷின் ஊசியை இறக்கி, காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். குழாய்க்குப் போகாத பாட்டு ஊசி முனையில் எறும்பு பேசுகிற அளவுக்குக் கேட்கும். எறும்பு அழுதது. ஒருத்தி தன்னந்தனியாக, மூச்சு வாங்கி வாங்கி அழுதாள்.

காரியாபட்டிக்காரர் கண்முன் வந்து நின்றார். காசிராஜன் ஊசியைத் தூக்கினார்.

"என்ன அண்ணாச்சி?"

"பொட்டு வெச்ச மொகத்துல ஊசி போடலாமாய்யா? குத்தமாயிரும்ல?"

இருளப்பசாமி யோசித்தார். "அதுவும் நெசந்தான். பழைய பக்கத்தையே போடுங்க."

கும்மாளம் குழாயில் கிளம்பியது. பிள்ளை வீறிட்டது. குலவைச் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கியது. பந்திக்குக் கூப்பிடும்போதே இருளப்பசாமி சொல்லிவிட்டார்: "பங்குனிப் பொங்கலுக்கு நீங்கதான்."

பொங்கல் கிடைத்த சந்தோஷம் காசிராஜனுக்கு நாலணா அளவுதான். மீதிப் பன்னிரண்டணாவும் கஸ்தூரி தோற்றதில். கிடாக்கறியைப் பாதி இலையில் விட்டு எழுந்து வந்தார். குழாயை அவிழ்த்துவிட்டு, மிச்சப் பிளேட்டு அத்தனையையும் பொட்டு வைத்த பக்கமாகப் போட்டு, குனிந்து குனிந்து கேட்டார். எல்லா எறும்பும் அழுதது. கழுத்து சுளுக்கிக்கொண்டது. சுளுக்கின கழுத்தோடு பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்தார்.

கஸ்தூரி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொங்கல் நமக்குத்தான்! மூணு நாளு! இன்னும் அறுபது பிளேட்டு வாங்கணும். ஆனா ஒன் பொட்டை நம்பியிருந்தா இந்நேரம் குழாயோட சேத்து என்னையும் மரத்துல கட்டியிருப்பாக."

"ஏன், அந்தப் பக்கம் நல்லா இல்லையா?"

"நல்லா இல்லையாவா? பூராவும் ஒப்பாரி! எட்டாங்கிளாஸு படிச்சிட்டாளாம்!"

"பூராவுமா? இருபத்திரண்டையும் கேட்டுப் பாத்தீகளா?"

"ஒண்ணு விடாம!"

"ஒண்ணுகூடவா தவறிப்போயிச் சரியா விழல?"

"ஒண்ணுகூட!" என்று மேசையைத் தட்டினார் காசிராஜன்.

கஸ்தூரி முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் போட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு வெச்சாக்கூட பத்துப் பதினொண்ணு சரியா விழுந்திருக்குமேங்க."

தட்டின கை மேசைமேலேயே இருந்தது. அதை எடுக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"சரி, அறுபது பிளேட்டுன்னீகளே," என்றாள் கஸ்தூரி. "இனிமே சொன்ன பேச்சக் கேக்குற உத்தேசம் இருந்தா இப்பவே சொல்லிருங்க. பொட்ட எடம் மாத்தி வைக்கணும்."