குகைக்கு ஒரு முன்னுரை

"நம்ம தெற்குக் கடலோரத்தோட அருமை இங்க ஒருத்தனுக்கும் தெரியல." காலையில் பல் துலக்கும்போது தொடங்கும் இந்தப் புலம்பல், ராத்திரி கொசுவலை கட்டும்வரை ஓயாது. ஊர்ப்பெருமைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. அகப்பட்டுக்கொண்டவள் மனைவி.

கலங்கரை விளக்கத்துக்குக் கல் எந்த மலையிலிருந்து வந்தது, கோட்டையைப் பிடித்தவன் யார், பிடித்தவனுக்கு வந்த காய்ச்சல் என்ன, வெயில் விழுந்தால் பாறைக் குகைக்குள் தண்ணீர் எப்படிப் பச்சையாகும் என்று, கேட்பவர் விடும் கொட்டாவியையும் வியப்பென்று எடுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டே போவார். அவர் போய்ப் பார்த்தாரா? அதைக் கேட்கக் கூடாது.

மனைவிக்கோ கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குகையைப் பார்க்க ஆசை. "வரலாறு தெரியாம போனா வெறும் பாறைதான் தெரியும்" என்பார். வரலாறு முடிந்தபாடில்லை.

ஒரு நாள் வெளியூரிலிருந்து அவர் தங்கை வந்தாள். கடல் உள்வாங்கியிருக்கும்போதுதான் குகைக்கு வழி. மதியம் தாண்டினால் தண்ணீர் ஏறிவிடும். மூவரும் செருப்பு மாட்டியாயிற்று.

"ஒரு சின்ன முன்னுரை மட்டும்" என்று அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

முன்னுரையில் கோட்டை கட்டப்பட்டது, இடிக்கப்பட்டது, மறுபடி கட்டப்பட்டது. தங்கை கால் மாற்றி நின்றாள்.

"அண்ணி, எப்பவுமே இப்படித்தானா?"

"இன்னிக்குப் பரவாயில்ல. போன தடவ வந்தவங்க குகையையும் பாக்கல, ஊருக்குப் போற வண்டியையும் விட்டுட்டாங்க."

மனைவி வெயிலைப் பார்த்தாள். கண்ணை மூடிக் கப்பல்களைக் கரைசேர்த்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"வாம்மா, போயிடலாம். அவருக்கு இன்னும் ரெண்டு ராஜா பாக்கி."

குகைக்குள் தண்ணீர் பச்சையாக இல்லை. அவளுக்குப் பேர் தெரியாத ஒரு நிறம். முழங்காலளவு தண்ணீரில் இருவரும் நின்றார்கள். பேச்சே இல்லாத ஒரு பொழுதை அவள் அனுபவித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் எதிர்வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டிருந்தார். கேட்கிற ஆள் மாறியது கணவருக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தார்.

"எங்க விட்டேன்?"

"குகையில" என்றாள் மனைவி, சேலைக் கொசுவத்தைப் பிழிந்துகொண்டே.

"ஆங், குகை. உள்ள தண்ணி பச்சையா இருக்கும். அதெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாது, நேர்ல பாக்கணும்."

சிரிக்கிறீர்களா? உங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு கடலோரம், ஒரு பாறை இருக்கும். கேட்டால் நீங்களும் நிறையவே சொல்வீர்கள். செருப்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், மணல் ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால், தயவுசெய்து ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீர் ஏறுவதற்குள்.