ராஜாராமன் சட்டையில் மஞ்சள்

நிபுணர் குழுத் தலைவர் ராஜாராமன் நாற்காலியை விட்டு எழுந்தபோது, அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை இருந்தது.

முதலில் பார்த்தவள் ஆராய்ச்சி மாணவி வர்ஷினி. "அக்கா, சார் முதுகைப் பாருங்க" என்று ஆய்வகத்தின் விஞ்ஞானி ரோஸ்லினின் காதைக் கடித்தாள்.

ரோஸ்லின் கறையைப் பார்த்தாள். சற்று முன்புதான் அந்த நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த தன் சாப்பாட்டுப் பையை அவசர அவசரமாக எடுத்துவிட்டு, "உக்காருங்க சார்" என்று உபசரித்திருந்தாள். பைக்குள் எலுமிச்சைச் சாதம். அடியைத் தடவிப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு. ஹைதராபாத் ஏப்ரல் வெயிலில் வந்த மனிதர், சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கறை கச்சிதமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

வேறு யார் சட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. பதினொன்றரை மணிக்குக் கூட்டம். ரோஸ்லினின் ஆறு வருட ஆராய்ச்சி தொடரலாமா, இத்தோடு மூட்டை கட்டலாமா என்று முடிவு சொல்லப் போகிறவரே இவர்தான்.

"சார், மன்னிச்சுக்கிடுங்க. என் சாப்பாடு உங்க சட்டையில கொட்டிட்டு. ஒரு நிமிஷத்துல தொடச்சிருதேன்."

ராஜாராமன் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்க முயன்று தோற்றார். ஹைதராபாத் திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்த தமிழர். கோபம் வந்தாலும் வராவிட்டாலும் பேச்சில் பாதி ஹைதராபாதிதான் வரும்: 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'.

"ஹவ், தொடைங்க. சோப்பு மட்டும் நக்கோ. மஞ்சள்ல சோப்பு பட்டா செவந்துடும்."

ஈரத் துணியால் துடைத்தாள். உள்ளங்கை அளவு இருந்தது, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியது.

"ஸ்பிரிட் போட்டுப் பாக்கலாம்கா" என்றாள் வர்ஷினி.

போட்டார்கள். மஞ்சள் தோள்பட்டைக்கு ஏறி, இடுப்புக்கும் இறங்கியது.

"போயிடுச்சாம்மா?" என்றார் ராஜாராமன்.

"போயிட்டே இருக்கு சார்" என்றாள் வர்ஷினி. அதில் பொய் எதுவும் இல்லை.

சட்டையைக் கழற்றித் தரச் சொல்லிவிட்டு, தன் வெள்ளை ஆய்வக அங்கியை அவரிடம் நீட்டினாள் ரோஸ்லின். தொப்பைக்குக் குறுக்கே பித்தான் எட்டவில்லை. மார்புப் பையில் சிவப்பு நூலால் 'ரோஸ்லின்' என்று பின்னியிருந்தது.

சட்டையை மேஜை மேல் விரித்தாள். முதுகில் பாதிக்கு மேல் மஞ்சள். அப்போது அவள் கண் அலமாரியில் இருந்த சின்னப் புட்டியின் மேல் விழுந்தது.

அந்தப் புட்டியில் இருந்த வெள்ளைப் பொடிதான் அவளுடைய ஆறு வருடம். தண்ணீரில் கரைத்து வெளிச்சத்தில் வைத்தால் போதும். காற்றில் இருக்கிற ஆக்சிஜனைப் பிடித்து, சாயத்தைத் தீயில்லாமல் எரித்துத் தீர்த்துவிடும். சாயப் பட்டறைக் கழிவுநீரைச் சூரியனைக் கொண்டே சுத்தம் செய்வது அவள் கனவு. இன்று குழுவின் கண்ணெதிரே ஒரு குவளைச் சாயத்தண்ணீரை வெளுத்துக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கென்று மிச்சமிருந்தது இந்தப் பத்து கிராம் பொடி. மறுபடி தயாரிக்க ஒரு மாதம் ஆகும்.

"ஒரு சிட்டிகை எடுத்தா ஒண்ணும் குறைஞ்சிராது" என்றாள்.

ஒரு சிட்டிகை தோள்பட்டைக்கே போதவில்லை. இன்னொரு சிட்டிகை. பிறகு ஒரு கரண்டி. இடுப்புப் பக்கம் வந்தபோது புட்டியைக் கவிழ்த்து அடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டெமோவுக்கு?" என்றாள் வர்ஷினி.

ரோஸ்லின் காலிப் புட்டியைப் பார்த்தாள். "ஏட்டி, அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

சட்டை மொட்டைமாடிக்குப் போனது. ரோஸ்லின் கூட்டத்துக்குப் போனாள்.

ஒரு மணி நேரம் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் எதிரே தலைவர் அவளுடைய அங்கியில், அவளுடைய பெயரோடு உட்கார்ந்திருந்ததால், தன்னிடமே பரீட்சை எழுதுவதுபோல் இருந்தது. பக்கத்தில் குழு உறுப்பினர் டாக்டர் சுஷ்மா. தெலுங்குக்காரர், சென்னையில் படித்தவர். முப்பது வருடமாக யாரையும் பாராட்டாதவர் என்று கேள்வி.

"பேச்சு போதும். செஞ்சு காட்டுங்க" என்றார் சுஷ்மா.

வர்ஷினி நைசாக அருகில் வந்தாள். "அக்கா, லைட்டா கலர் கலந்து, வேற ஏதாவது வெள்ளைப் பவுடரையும் கொஞ்சம் பிளீச்சையும் போட்டுடலாம். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேட்டி" என்றாள் ரோஸ்லின்.

எழுந்து நின்றாள்.

"மேடம், செஞ்சு காட்டப் பொடி இல்ல. எல்லாத்தையும் தலைவர் சட்டையில பூசிட்டேன். சட்டை மாடியில காயுது. என் டெமோ அதுதான்."

ராஜாராமன் குனிந்து தன் மார்பிலிருந்த பெயரைப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

"ஹவ், வாங்க! என் சட்டையை நானே பாக்க வேணாமா?"

குழு முழுக்க மாடியேறியது. ரோஸ்லின் சொன்னபடி வர்ஷினி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பொடியை அலசினாள். சட்டையை இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளாகப் பிடித்து உயர்த்தினார்கள்.

தும்பைப் பூவாக வெளுத்திருந்தது! தேடினாலும் ஒரு மஞ்சள் புள்ளி கிடையாது. ராஜாராமன் காலரைத் திருப்பினார், ஓரத்தை மடித்துப் பார்த்தார், வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"அரே வா! வாங்கினப்போகூட இவ்வளவு வெள்ளையா இல்லைம்மா!"

எல்லாரும் கை தட்டினார்கள். ரோஸ்லினுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சுஷ்மா மட்டும் தட்டவில்லை.

"ஒரு சந்தேகம். இது எலுமிச்சைச் சாதத்து மஞ்சள்தானே?"

"ஆமா மேடம்."

"மஞ்சள் கறை வெயில்ல போட்டா தானாவே போயிடும். எங்க வீட்டுல வாரா வாரம் நடக்கிறது. இதுல உங்க பொடி என்ன செஞ்சுது?"

கைதட்டல் பொசுக்கென்று நின்றது. கேள்வி நியாயமானது. ரோஸ்லினே சுஷ்மாவின் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பாள்.

ராஜாராமன் ஈரச் சட்டையை மெதுவாக மடித்தார். "பாயிண்ட் சரிதான்மா" என்றார் வருத்தத்தோடு. "இதை மட்டும் வச்சு நாங்க எப்படி..."

அவர் முடிப்பதற்குள் படிக்கட்டில் மூச்சு வாங்க ஒரு காக்கிச்சட்டைக்காரர் ஏறி வந்தார். கையில் கிழிந்த காகித உறை. விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

"இங்க ரோஸ்லின் மேடம் யாரு?"

எல்லாரும் ரோஸ்லினைத் திரும்பிப் பார்ப்பதற்குள், வந்தவர் ராஜாராமனின் அங்கியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள் ரோஸ்லின்.

"பட்டான்செரு சாயக் கம்பெனி டிரைவர் சங்கர் மேடம். டெஸ்ட் பண்ண சாம்பிள் கேட்டிருந்தீங்களாமே? காலையில கொண்டாந்தேன். ரூம்ல ஆள் இல்ல. நாற்காலியில ஒரு சாப்பாட்டுப் பை இருந்திச்சு, அதுக்குப் பின்னாடி சொருகி வச்சிட்டு டீ குடிக்கப் போனேன். இப்ப கையெழுத்து வாங்க வந்தா கவர் கிழிஞ்சு கீழ கிடக்கு, பாதிப் பவுடரைக் காணோம்."

சுஷ்மா உறையைப் பார்த்தார். உறையிலிருந்து சட்டையைப் பார்த்தார்.

சங்கர் கவலையோடு சொன்னார்: "யாரு துணியிலயும் ஒட்டலையே மேடம்? பத்து வருஷம் வெயில்ல காயப் போட்டாலும் போகாத சாயம் அது!"