கேபின் வேண்டாம் என்ற சிஃபிஸ்

மனைவியை ஜெயித்தே தீருவது என்று சிஃபிஸ் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா? அவர் தொடங்கினார். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் இதே முடிவை அவர் எடுப்பது எப்படியும் நாற்பதாவது தடவை இருக்கும். வருஷத்துக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். ஆனால் இந்த முறை கையில் ஒரு திட்டம் இருந்தது.

ஏதென்ஸ் வரி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஊராரை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, குளிர்காலத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்ற மறுநாளே ஆர்கிரோ பேச்சை ஆரம்பித்துவிட்டாள். கிரீட் தீவில் அவள் அப்பா விட்டுப்போன வீடு பூட்டிக் கிடக்கிறது, அங்கேயே போய் இருந்துவிடலாம் என்று. சிஃபிஸும் பிறப்பால் கிரீட்டுக்காரர்தான். ஆனால் அது பேச்சில் பெருமை அடித்துக்கொள்ளத்தானே தவிர, போய் வாழ்வதற்கு இல்லை. அவருடைய உலகம் நிகேயா பேட்டை, முக்குக் காபிக் கடை, ஜன்னலோர மேஜை, தினமும் தாவ்லிப் பகடை உருட்டித் தோற்கடிக்க மூன்று சிநேகிதர்கள். அதை விட்டால் அவருக்குப் பிராணன் போய்விடும்.

"உன் ஊர்ல எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"வேலையா? இருநூறு ஒலிவ மரம் இருக்கு. என் தம்பிங்க நாலு பேரும் எப்போடா அத்தான் வருவாருன்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

அதைத்தான் அவர் பயந்தார்.

ஜூலையில் ஆர்கிரோவின் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். எட்டு நாள் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. டிக்கெட் எடுக்கும் பொறுப்பை சிஃபிஸ் தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டார். தானாக முன்வந்து அவர் ஏற்றுக்கொண்ட முதல் பொறுப்பு அதுதான். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவில் கிளம்பும் கப்பல்களில் எது ரொம்பக் கிழம், எதில் போனவன் வந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்கிறான் என்று ஒரு வாரம் விசாரித்தார். அந்தக் கப்பலில், கேபின் இல்லாமல், வெறும் நாற்காலி எடுத்தார்.

"கேபின் கிடைக்கலயா?" என்றாள் ஆர்கிரோ. அவள் மடியில் தட்டை வைத்துப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட இல்ல. ஜூலை மாசம். ஊரே போகுது."

"அப்ப விமானத்துல போயிருக்கலாமே."

"என் கால் தரையை விட்டுக் கிளம்பாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கேட்டு வெச்சேன்."

சிஃபிஸ் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். குரலில் தேன் வழிந்தது. "உன் முட்டி வலியோட ராத்திரி முழுக்க உக்காந்தே வரணும். பாவம். அங்கயே குடியிருந்தா டாக்டருக்கு, பென்ஷனுக்குன்னு வருஷத்துல நாலு தடவையாவது இப்படி அலையணும். நீ வேணா பாரு, ஒரு தடவை போனதுமே, இனிமே கப்பலே ஏறமாட்டேன்னு நீயே சொல்லுவே."

"சொன்னா?"

"சொன்னா, கிராமத்துப் பேச்சு அதோட முடிஞ்சுது."

ஆர்கிரோ கத்தியைக் கீழே வைத்தாள். கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. இனிமே கப்பல் ஏறமாட்டேன்னு என் வாயால சொன்னா, அதுக்கப்புறம் நீ எங்க இருக்கச் சொல்றியோ அங்க இருக்கேன்."

"சத்தியமா?"

"எங்கப்பா எலும்பு மேல சத்தியம்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. புத்தியுள்ளவன் அங்கேயே உஷாராகியிருப்பான். சிஃபிஸ் காபிக் கடைக்குப் போய் மூன்று பேருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

கப்பல் அவரை ஏமாற்றவில்லை. விசாரித்ததை விட மோசமாகவே இருந்தது. பயணிகளை ஏற்றிய வழி, லாரிகளை ஏற்றிய அதே வழி. வாயில் விசில் வைத்துக்கொண்டு ஒருவன் லாரிக்கும் மனிதனுக்கும் ஒரே மாதிரி ஊதினான். லாரி என்றால் கொஞ்சம் மரியாதையாக ஊதினான். நகரும் படிக்கட்டு போன பிரதமர் காலத்தில் நின்றது, நின்றபடியே இருந்தது. மேலே போனால் வரவேற்பு மேஜை. வரவேற்கத்தான் ஆள் இல்லை. அங்கே இருந்த பெண் செல்போனை வரவேற்றுக்கொண்டிருந்தாள். சிஃபிஸுக்கு உள்ளம் குளிர்ந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு நொண்டியபடி வரும் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று ஆசையோடு கேட்டார்.

ஆர்கிரோ நேரே மேஜைக்குப் போய், "ஏம்மா, கேபின் ஏதாவது இருக்கா?" என்றாள்.

"நிறைய இருக்கே," என்றாள் அந்தப் பெண், செல்போனிலிருந்து தலையை எடுக்காமல். "பாதிக் கேபின் காலிதான்."

ஆர்கிரோ கணவன் பக்கம் திரும்பினாள். "ஊரே போகுதுன்னியே?"

"ஊர் மனசை மாத்திக்கிச்சு போல," என்றார் சிஃபிஸ். "கேபின் எதுக்கு? காத்தே இல்லாத பொட்டி. மூச்சு முட்டும். நாற்காலின்னா பேசிக்கிட்டே போகலாம்."

"முப்பத்தெட்டு வருஷமா பேசியாச்சு சிஃபிஸ்."

அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டை போட்ட கப்பல் பணியாள் ஒருவன் அந்தப் பக்கமாக வந்தான். நாற்பது வயது, தடித்த மீசை. யாராவது எதையாவது கேட்டுவிடுவார்களோ என்று சுவரைப் பார்த்தபடியே நடக்கும் வித்தை அவனுக்குக் கைவந்திருந்தது. ஒரு கிழவர் தண்ணீர் கேட்டார். அவன் சுவரைப் பார்த்தான். ஆர்கிரோ அவனிடம் எதுவும் கேட்கவில்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா?"

கிரீட்டுக்காரனிடம் இதைக் கேட்டுவிட்டால் அவன் அப்புறம் நகர முடியாது. பதில் சொல்லியே ஆகவேண்டும். அவன் பெயர் ஸ்ட்ராத்திஸ், அமாரி பக்கத்து மலைக் கிராமம், அப்பா ஆடு மேய்ப்பவர், தாத்தா பெயர் இன்னது என்றான்.

"அட, அந்த ஒத்தைக் காது தாத்தாவா? எங்க பெரியப்பா கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் அவருதானே. கல்யாணம் முடிஞ்சு துப்பாக்கியால சுட்டு எங்க வீட்டுக் கூரையில ஓட்டை போட்டுட்டுப் போனாரு. அந்த ஓட்டை இன்னும் இருக்கு."

"அத்தை!" என்றான் ஸ்ட்ராத்திஸ். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் இரண்டு விதமான உபசாரம் நடந்தது. ஒன்று ஆர்கிரோவுக்கு, மற்றது பாக்கி எண்ணூறு பேருக்கு. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். மூலிகைத் தேநீர் வந்தது, தேனோடு. நாலு படுக்கை உள்ள பெண்கள் கேபின் ஒன்றில் கீழ்ப்படுக்கை கிடைத்தது. போடவேண்டிய வித்தியாசத் தொகையை ஆர்கிரோ தன் பர்ஸிலிருந்து போட்டாள்.

"மாமாவுக்கும் ஆம்பளைங்க கேபின்ல ஒரு படுக்கை இருக்கு," என்றான் ஸ்ட்ராத்திஸ்.

சிஃபிஸ் ஒரு கணம் ஆடிப்போனார். படுக்கையை ஒத்துக்கொண்டால் கேபின் மூச்சு முட்டும் என்று சொன்னது பொய்யாகும். எண்ணூறு பேரும் தன்னையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கெதுக்குப் படுக்கை?" என்றார் உரக்க. "எங்க பாட்டனெல்லாம் ஆட்டுக்கு நடுவுல, மேல்தளத்துல நின்னுகிட்டே இந்தக் கடலைத் தாண்டினவங்க."

"ஆடு இல்லையே மாமா இப்போ."

"அதான் நீ போறியே," என்று கணவனைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஆர்கிரோ கேபின் பக்கம் நடந்தாள்.

சரி, நாலு பெண்கள் ஒரு பெட்டிக்குள். ஒருத்தியாவது குறட்டை விடமாட்டாளா, ஒரு குழந்தையாவது வீறிட்டு அழாதா என்று சிஃபிஸ் மனதைத் தேற்றிக்கொண்டார். காலையில் அழுதுகொண்டு வருவாள், சொல்லவேண்டியதைச் சொல்லுவாள்.

அவர் பட்ட பாட்டை விவரித்தால் கல்நெஞ்சக்காரனும் சிரிப்பான். நாற்காலிக் கூடத்தில் மீனைப் பாதுகாக்கிற அளவுக்குக் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள். குறைக்கச் சொன்னால், பொத்தான் கப்பல் தலைவர் அறையில் இருக்கிறது என்றார்கள். தலைவர் அறையில் கேட்டால் கீழே இருக்கிறது என்றார்கள். பசிக்கிறது என்று போனால், ஒரு பாத்திரத்தில் மக்ரோனி அடை இருந்தது. வெட்டப் போன பிளாஸ்டிக் கத்திதான் வெட்டுப்பட்டது. கழிவறைக்குப் போனார். கடல் வெளியே இருக்கும் என்று நினைத்திருந்தார், கொஞ்சம் உள்ளேயும் இருந்தது. ஈர பூட்ஸோடு திரும்பி வந்தால் அவர் நாற்காலியில் ஒரு மொட்டை மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். பக்கத்தில் காலியாயிருந்த ஒரே நாற்காலி சாய்ந்தால் நிமிராது, நிமிர்ந்தால் சாயாது. மானத்தை விட்டு, அந்தப் படுக்கையையாவது கேட்போம் என்று வரவேற்பு மேஜைக்கு ஓடினார். "இதோ வந்துவிடுகிறோம்" என்று ஒரு அட்டை தொங்கியது. விடியும்வரை அது அங்கேயே தொங்கியது. யாரும் வரவில்லை.

விடிந்ததும் அவர் காலடியில் ஒருவன் தரை உறிஞ்சும் யந்திரத்தை ஓட்டினான். பூட்ஸின் கயிற்றையும் அது உறிஞ்சிக்கொண்டது.

ஆர்கிரோ வந்தாள். தலை வாரி, உடை மாற்றி, கன்னத்தில் தூக்கத்தின் சிவப்போடு, கையில் சூடான காபியோடு வந்தாள். ஒரே ஒரு காபி. குடித்துக்கொண்டே கேட்டாள்:

"எப்படி இருந்துச்சு?"

சிஃபிஸின் உதடு நீலம் பாரித்திருந்தது. பல் தந்தி அடித்தது. ஆனாலும் வீழ்ந்துவிடக்கூடாது என்ற வைராக்கியம். "பிரமாதம். உனக்கு? கொடுமையா இருந்திருக்குமே."

"தாலாட்டுன மாதிரி இருந்துச்சு. கூட இருந்தவங்க மூணு பேரும் கன்னியாஸ்திரீங்க. மூச்சு விட்டாங்களான்னுகூடத் தெரியல." அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள். "பூட்ஸ் ஏன் ஈரம்?"

"அது... அலை."

"ஆறாவது மாடியிலயா?"

சிஃபிஸ் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஆர்கிரோவின் முகம் இளகியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை இப்படி நடத்தியிருக்கானுங்க. முப்பத்தஞ்சு வருஷம் அரசாங்கத்துல இருந்த மனுஷனை. நீ சும்மா விடப்போறியா? இந்தா, ஸ்ட்ராத்திஸ்கிட்ட கேட்டு புகார்ப் படிவம் வாங்கிட்டு வந்தேன். உன்னை மாதிரி எழுத யாரால முடியும்?"

படிவம்! அதைப் பார்த்ததும் சிஃபிஸின் உடம்பில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. மூன்று பிரதிகள், கட்டம் கட்டமாக, நடுவில் கார்பன் காகிதம். பேனாவை உருவினார். குளிர், மக்ரோனி, கழிவறை, மொட்டை மாமா, அட்டை, கயிறு, ஒன்றையும் விடவில்லை. பின்பக்கமும் எழுதினார். எழுத எழுத உடம்பு சூடேறியது.

ஆர்கிரோ தோள் வழியாக எட்டிப் படித்தாள். "எல்லாம் சரி. ஆனா இதுக்குக் கப்பல் கம்பெனிக்காரன் ஏன் பயப்படணும்? இவ்வளவு திட்டிட்டு அடுத்த வாரம் மறுபடியும் வந்து ஏறத்தானே போறான் இந்த ஆளுன்னு குப்பையில போட்டுருவான்."

"போட்டுருவானா?" என்றார் சிஃபிஸ். பல்லைக் கடித்துக்கொண்டு, வரி அலுவலகத்து நடையில், கொட்டை எழுத்தில் கடைசி வரியை எழுதினார்: 'கீழே கையொப்பமிடும் நான், இந்தக் கப்பலிலோ, வேறு எந்த நிறுவனத்தின் எந்தக் கப்பலிலோ, என் ஆயுள் உள்ளவரை இனி ஏறப்போவதில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போட்டார். அடையாள அட்டை எண் போட்டார். முத்திரை இல்லாத காகிதம் காகிதமே அல்ல என்று கப்பல் கணக்கரை எழுப்பி, மூன்றிலும் முத்திரை குத்த வைத்தார். சாட்சி என்ற கட்டத்தில் ஸ்ட்ராத்திஸ் கையெழுத்திட்டான். ஒரு பிரதியை ஆர்கிரோ நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கிரீட்டின் ஹெராக்லியோ துறைமுகம் வந்தது. கரையில் ஆர்கிரோவின் கடைசித் தம்பி சரக்கு வண்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

"எத்தனை நாள் இருப்பீங்க அத்தான்?"

"எட்டே நாள்," என்றார் சிஃபிஸ்.

"எதுல போவே?" என்றாள் ஆர்கிரோ.

சிஃபிஸ் கடலைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். அவளுடைய கைப்பையைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்கு வியர்த்தது.

"அது புகார். ஒரு பேச்சுக்கு எழுதினது. ஏறமாட்டேன்னு நீதானே சொல்லணும்? நீ சொல்லலயே, ஆர்கிரோ. அதுதானே பேச்சு."

"நானே சொல்லியிருந்தாலும் என்னை எதுல கூட்டிட்டுப் போயிருப்பே, சிஃபிஸ்? இந்தப் பக்கம் இறங்கின பிறகு கப்பல் ஏறமாட்டேன்னு நான் சொன்னா என்ன, நீ சொன்னா என்ன? இருக்கப்போறது கிரீட்லதானே. உன் திட்டத்தை நீ சொன்ன அன்னைக்கே யோசிச்சுப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் எனக்கு நல்லதாத்தான் இருந்துச்சு. அதான் சத்தியம் பண்ணேன்."

தம்பி வண்டிக் கதவைத் திறந்து, அத்தானின் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். ஒலிவக் கிளை உலுக்க ஏற்ற கைதானா என்று பார்ப்பது போலிருந்தது. "பதமா இருக்கு. பழகிடும்," என்றான்.

"திரும்புற டிக்கெட் ரெண்டு எடுத்திருக்கேனே," என்றார் சிஃபிஸ் ஈனசுரத்தில்.

"ஒண்ணு போதும். எட்டாம் நாள் நான் மட்டும் போயிட்டு வரேன். ஸ்ட்ராத்திஸ் கேபின் எடுத்து வெக்கிறேன்னு சொல்லியிருக்கான். உன் கம்பளிச் சட்டையெல்லாம் எந்த அலமாரியில இருக்குன்னு மட்டும் சொல்லு."