வில்காரியின் மாப்பிள்ளை

காதலர்களில் பல வகை உண்டு. பார்த்துக் காதலிப்பவர்கள், பார்க்காமலே காதலிப்பவர்கள், கல்யாணமான பிறகு வேறு வழியில்லாமல் காதலிப்பவர்கள் என்று நீங்களே சிலரை அறிந்திருப்பீர்கள். நான் இப்போது உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்துவது அண்மைக்காலத்தில் வேகமாகப் பெருகிவரும் ஓர் இனம். கிளைக்கதைக் காதலர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். வீடியோ கேம் ஆடுகிறவர்களில் இவர் ஒரு தனிச் சாதி. சுடுவது, வெட்டுவது, கார் ஓட்டுவது எதுவும் இவருக்குப் பொருட்டில்லை. பெரிய கதை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் ஒருத்தி நிற்பாள் இல்லையா, அவளிடம் பேசிப் பேசிக் கரைத்து, கடைசியில் சரி என்று சொல்லவைக்கும் அந்தத் துண்டுக் கதைக்காகத்தான் இவர் மூச்சு விடுகிறார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். விளையாட்டில் உலகம் அழியப்போகிறது. அரக்கன் படையோடு மலையிறங்கிவிட்டான், ராஜா படுத்த படுக்கையாகிவிட்டார், ஊர் ஊராகத் தீப்பிடித்து எரிகிறது, மிச்சமிருக்கும் சனங்கள் இவர் ஒருவரை நம்பிக் கோட்டை வாசலில் கூடி நிற்கிறார்கள். இவர் எங்கே? ஆற்றங்கரையில் குனிந்து நீலக்கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். காவல் கோபுரத்தில் வில்லோடு நிற்பவளுக்கு நீலக்கல் பிடிக்கும். கல் ஒன்று கொடுத்தால் அவள் தலைக்கு மேல் ஓர் இதயம் சிவக்கும். இன்னொன்று கொடுத்தால் இன்னும் கொஞ்சம் சிவக்கும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நம்மவர் நிதானமாகப் பொறுக்குகிறார். அரக்கனும் பெருந்தன்மையானவன். இவர் காதல் கைகூடும்வரை அடிவாரத்திலேயே காத்திருக்கிறான்.

பேச்சு நடக்கும் விதத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் ஏதோ சொல்வாள். உடனே அவள் முகத்துக்குக் கீழே மூன்று பதில்கள் வரிசையாகத் தோன்றும். ஒன்று கனிவு, ஒன்று கிண்டல், ஒன்று கடுப்பு. கனிவான பதிலின் பக்கத்தில் பொடியாக ஓர் இதயம் வேறு வரைந்திருப்பார்கள். பால்குடி மறவாத குழந்தைக்கும் விடை தெரியும். நம்மவரோ தீர்ப்பு எழுதப்போகும் நீதிபதிபோல் கன்னத்தில் கைவைத்து யோசிப்பார். அதற்கும் முன்னால், மறக்காமல், ஆட்டத்தை அந்த இடத்தில் சேமித்துவைப்பார். பதில் பிசகி அவள் புருவம் நெளிந்தால் கவலை இல்லை, சேமித்த இடத்துக்கே திரும்பிப் போய் வேறு பதிலைத் தொடுவார். அவள் கோபப்பட்டது அவளுக்கே தெரியாது. இவர் உளறியது உலகத்தில் நடக்காததாகிவிடும். இப்படி அழித்து அழித்து எழுதி ஜெயித்த மனத்துக்குப் பெயர் காதலாம். விடைத்தாள் திருத்துகிறவரின் மடியில் உட்கார்ந்து பரீட்சை எழுதியவனுக்குக்கூடக் கொஞ்சம் வெட்கம் இருக்கும்.

இதில் ஆண், பெண் பேதம் கிடையாது. எங்கள் அலுவலகத்துத் தொலைபேசிப் பெண் ஒருத்தி, சாபத்தால் பாதிச் சிறுத்தையாகிவிட்ட இளவரசன் ஒருவனை உருகவைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களெல்லாம் முழு மனிதர்களாக இருந்ததால் சம்பந்தம் ஒவ்வொன்றும் தட்டிப்போய்விட்டது.

ஆனால் இந்த இனத்தின் முழு அழகையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் மாப்பிள்ளையிடம்தான் வர வேண்டும். நானும் அவரும் ஒரே காப்பீட்டு அலுவலகம். நசுங்கிய கார்களின் புகைப்படங்களைப் பார்த்து, யார் யார்மேல் மோதியது என்று சொல்வது எங்கள் பிழைப்பு. குடியிருப்பதும் ஒரே கட்டடம்தான், என் தலைக்கு மேல் அவர் வீடு. மாப்பிள்ளை என்பது அலுவலகம் வைத்த பெயர். ஒருநாள் காலையில் மேசை மேசையாக இனிப்புப் பெட்டியை நீட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் விசேஷம்போலிருக்கிறது என்று எல்லோரும் எழுந்து கைகுலுக்கினோம். மேலாளர் ஒருபடி மேலே போய், ஆணா பெண்ணா என்றே கேட்டுவிட்டார். விசாரித்தால், காவல் கோபுரத்து வில்காரி முந்தின நாள் மாலை கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாளாம். எடுத்த இனிப்பைத் திரும்ப வைக்க முடியாமல் தின்றோம். அன்றைக்கு மாலையில் மாடிப்படியில் அவர் மனைவியைப் பார்த்து, விஷயம் தெரியாத கீழ்வீட்டு அம்மாள் ஒருத்தி வாழ்த்துச் சொல்லிவைத்ததாகவும் கேள்வி.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை, பெண் மனத்தைக் கரைத்துக் குடித்தவராகிவிட்டார். கல்யாணமாகாத பையன்கள் சாப்பாட்டு வேளையில் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண் மனசு ஆழம் என்பதெல்லாம் சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை என்பார். பொறுமை வேண்டும், கவனம் வேண்டும், அவளுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் முழங்காலையும் தோளையும் பிடித்து நீவி, கை காய்ந்துபோய் வருகிறவள். ஒருமுறை அவளுக்குக் கையில் பூசும் க்ரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவள் உண்மையாகவே மகிழ்ந்திருக்கிறாள். போயிற்று. அன்று முதல் பிறந்தநாளா, க்ரீம். சண்டையா, க்ரீம். அவளுக்குக் காய்ச்சலா, அதற்கும் க்ரீம். குளியலறை அலமாரி நிரம்பி, செருப்பு வைக்கும் தட்டுவரை டப்பாக்கள் வந்துவிட்டன. கடை போட்டுவிடலாமா அண்ணா என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இந்த இனத்தின் முக்கியமான அங்கலட்சணத்தை இன்னும் நான் சொல்லவில்லை. இவர்கள் கேட்கமாட்டார்கள். வில்காரி வாய் திறந்தால் நிறையப் பேசுவாள், எழுதியவர்கள் பாவம் ராப்பகலாய் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அவள் பிறந்த ஊர், பட்ட அடி, கோபுரத்தில் நின்று அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள், எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கிறது. ஆனால் பேச்சைத் தாண்டிப் போக ஒரு பட்டன் உண்டு. மாப்பிள்ளையின் கட்டைவிரல் அந்தப் பட்டனிலேயே குடியிருந்தது. தட்டு, தட்டு, தட்டு, பதில் வந்துவிட்டதா, கனிவைத் தொடு, இதயம் சிவந்ததா பார். அவ்வளவுதான் தாம்பத்தியம்.

இந்தச் சமயத்தில்தான் அந்த வீட்டுக்கு ஒரு நிஜக் கதை வந்து சேர்ந்தது. மனைவி வேலை பார்க்கும் மருத்துவமனை வேறோர் ஊரில் குழந்தைகளுக்கென்று ஒரு கிளை திறந்தது. நடக்க முடியாத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவை அவளே தலைமையேற்று நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். அவள் பல காலம் ஆசைப்பட்ட வேலை. ஆனால் இரண்டு வருடம் அங்கேயே இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கும் அந்த ஊரில் கிளை உண்டு, மாப்பிள்ளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாற்றல் கிடைத்திருக்கும். அவர் வருவாரா, போ என்பாரா, போகாதே என்பாரா என்று தெரியாமல் அவள் வாரக்கணக்கில் தவித்தாள். அவர் ஆடும்போது பின்னால் சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவர் ம் என்றார். சில சமயம் ம்ம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பல்பு மாற்ற வாங்கிப் போன என் ஏணியைத் திரும்ப எடுத்துவர மேலே போனேன். கதவு திறந்துதான் இருந்தது. தொலைக்காட்சியில் பனிமலை, கோபுரம், வில்காரி. தரையில் மாப்பிள்ளை. சோபாவில் துணிக்குவியலோடு அவர் மனைவி. ஏணி பால்கனியில் இருக்கிறது, எடுத்துக்கோங்க அண்ணா என்றாள். எடுத்துக்கொண்டு அறையின் நடுவே வரும்போது அவள் அவரிடம் பேசத் தொடங்கிவிட்டாள். ஏணியோடு எங்கே ஒளிவது? அப்படியே நின்றேன்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில பதில் சொல்லணும். நான் என்ன சொல்லட்டும்?"

நியாயத்தைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஆட்டத்தை நிறுத்தினார். திரும்பி உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முகத்துக்குக் கொஞ்சம் கீழே, பதில்கள் வரிசையாக வரவேண்டிய இடத்தைப் பார்த்தார். அங்கே பாதி மடித்த போர்வை ஒன்றுதான் இருந்தது. காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ரொம்பக் கனிவாகச் சொன்னார்:

"நீ எந்தப் பாதையில போனாலும், உன் முதுகுக்குக் காவலா நான் நிற்பேன்."

அவள் போர்வையை மடித்து முடித்தாள்.

"இது அவகிட்ட சொன்னது," என்று தொலைக்காட்சியைக் காட்டினாள். "சரி, அவ எந்தப் பாதையில போறேன்னு சொன்னா?"

மாப்பிள்ளை தொலைக்காட்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"தொலைஞ்சுபோன தங்கச்சியைத் தேடி மலைக்கு அந்தப் பக்கம் போகணும்னு சொன்னா. நீங்க தட்டிவிட தட்டிவிட மறுபடி மறுபடி சொன்னா. நான் இங்க உட்கார்ந்து படிச்சிட்டுத்தானே இருந்தேன். கல்யாணத்துக்குச் சம்மதிச்ச அன்னைக்குக்கூட அவ அதைத்தான் கேட்டா. நீங்க இனிப்பு வாங்கப் போயிட்டீங்க."

பாருங்கள், என் வியப்பு அங்கேதான். இந்த மனிதர் மனைவியை விட்டுவிட்டு இன்னொருத்தியைக் காதலித்தார் என்றல்லவா நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்? அந்த இன்னொருத்தியையும் இவர் காதலிக்கவில்லை. கட்டிக்கொண்டவளுக்கு ஒரு தங்கை இருந்தது தெரியாமலே தாலிகட்டிய மகராசன். எனக்கு அவர்மேல் வந்த எரிச்சலில் ஏணியைக் கீழே போட்டிருப்பேன்.

"அவளை விடுங்க," என்றாள் மனைவி. "நான் எந்த ஊருக்குப் போகப்போறேன்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பரீட்சை அறையில் பக்கத்து மேசைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு ஊர் பெயர் தெரியும். படிக்கட்டில் ஒருநாள் காய்கறிப் பையோடு நின்று, அந்த ஊர், அங்கே பார்த்துவைத்திருக்கும் வீடு, ஜன்னலுக்கு எதிரே இருக்கும் வாதாமரம் எல்லாவற்றையும் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். வீட்டில் கேட்க ஆளிருந்தால் மாடிப்படியில் நின்று ஏன் சொல்கிறாள்? நான் ஏணியின் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பான், அல்லது சண்டை போடுவான், அல்லது தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான். கிளைக்கதைக் காதலர் என்ன செய்வார் என்று எண்ணுகிறீர்கள்? முகம் தெளிந்து, சட்டென்று வழி கிடைத்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ முதல்லேர்ந்து ஒரு தடவை கேளு," என்றார். "இந்தத் தடவை சரியா சொல்றேன்."

அவள் கோபப்படவில்லை. ஒரு நோயாளியின் கால் இனி மடங்காது என்று கைபட்டதும் தெரிந்துகொள்கிறவள் அவள். எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வருகிறேன் என்றாள். தனியாகத்தான் வருவேன், ஓர் அறை வீடே போதும் என்றாள். மாத இறுதியில் போய்விட்டாள். போகும்போது க்ரீம் டப்பாக்களில் ஒன்றைக்கூட எடுத்துப் போகவில்லை என்று, வழியனுப்பிவிட்டு வந்த மாப்பிள்ளை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இப்போது அவர் திருந்திவிட்டாராம், அவரே சொல்கிறார். ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, வில்காரியின் பேச்சை ஒரு வரி விடாமல் கேட்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தங்கையைக் கண்டுபிடித்தே விட்டார். அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து இவரும் அழுதாராம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், இவர் அந்தச் சூரியனையும் தொலைக்காட்சியில்தான் கும்பிடுகிறார். இந்த வெற்றியை மனைவிக்குப் போன் செய்து விலாவாரியாகச் சொன்னதாக லிஃப்டில் வைத்து என்னிடம் பெருமைப்பட்டார். அவங்க எப்படி இருக்காங்க, அந்தக் குழந்தைகள் எப்படி இருக்காங்க என்று கேட்டேன். அதற்குள் லிஃப்ட் கீழே வந்துவிட்டது. நல்லாத்தான் இருப்பாங்க என்று சொல்லிக்கொண்டே இறங்கிப்போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த வீடியோ கேம் சனியனைக் கையால்கூடத் தொட்டதில்லை என்கிறீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் எந்த இடத்தில் ஓர் 'அப்படியா' போட்டால் பேச்சு சீக்கிரம் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? மனைவி முகம் சுளித்தால் எதற்கு என்று கேட்பதைவிட, எதைச் சொன்னால் சுளிப்பு மாறும் என்று பார்ப்பது உங்களுக்கும் கைவந்த கலைதானே? பட்டன் உங்கள் கையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம்பிக்கை இல்லையென்றால் ஒன்று செய்யுங்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள், நீங்களும் தலையை நிமிர்த்தாமல் ம் என்றீர்கள். எழுந்து போய், எதற்குச் சம்மதித்தீர்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.