நான் சாகவிடாத சண்டியன்

அன்புள்ள மருமகள் றொஷினி அறிவது,

ஆண்டவர் கிருபையால் மொன்றியலில் நானும் அக்னெஸ் மாமியும் சுகம். ரொறொன்ரோவில் நீயும் உனது நேர்ஸ் வேலையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். நிற்க. என்னுடைய மானம் மட்டும் சுகமில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முன்னர் நீ இங்கு வந்தாக வேண்டும்.

போன ஞாயிறு பூசை முடிய, கோட்-டெ-நெய்ஜில் எங்கள் பங்கு மண்டபத்தில் முதியோருக்குப் படம் போட்டார்கள். சினிமா பேசத் தொடங்கின புதிதில் அமெரிக்காவில் எடுத்த சண்டியர் படம். தமிழிலை எழுத்து ஓடாது, ஆராவது பக்கத்திலை நிண்டு சொல்லோணும். ஆருக்கு இங்கிலீஷ் தெரியும் எண்டு பங்குச் சுவாமி கேக்க, என்ரை கை தன்ரைபாட்டிலை மேலை போயிட்டுது. டவுன்டவுன் சாப்பாட்டுக்கடையிலை இருபத்தெட்டு வருஷம் கோப்பை கழுவினவனுக்குப் பிளேட், ஹொட், சோரி, இதுக்கு மேலை என்ன இங்கிலீஷ் தெரியும்?

அந்த ஆக்கள் மூக்காலை கதைக்கினம். வசனம் முடிய முதல் துவக்கு வெடிக்குது. சண்டியர் தலைவன் ஒருத்தனைக் காட்டி, இவனைக் காரிலை ஒரு றைட் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டான். எனக்கு ஒரு வசனம் விளங்கின சந்தோசம், புளுகம். பாவம், ஊர் சுத்திக் காட்டச் சொல்லுறார் எண்டு சொல்லிப்போட்டன். நல்ல மனிசன் எண்டு எல்லாரும் தலையாட்டிச்சினம். அடுத்த காட்சியிலை போனவன் பிணமா றோட்டிலை கிடக்கிறான். நான் என்ன செய்ய? அந்தக் காலத்துக் காருக்குக் கதவு சரியாப் பூட்டாது, விழுந்திட்டான் எண்டன். பேந்து இன்னொருத்தனை ஏத்தேக்கை, கதவைப் பிடிச்சுக்கொள்ளு ராசா எண்டு படம் பாத்துக்கொண்டிருந்த பிலோமினம்மா எழும்பி நிண்டு கத்தினா. கடைசியிலை தலைவனைப் பொலிஸ் சுட்டு விழுத்திச்சுது. சனம் விம்முது, எனக்கு மனம் கேக்கேல்லை. இது மயக்கம்தான், எழும்பிச் சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்து பாண் பேக்கரி போடுவார் எண்டு முடிச்சன். அவை தட்டின கைதட்டிலை நானே அதை நம்பிப்போட்டன்.

வினை அங்கைதான் துவங்கினது. முன் வரிசையிலை இருந்த அல்போன்சம்மா வந்தா. செவ்வாய்க்கிழமை இருதய டொக்டர் சோதனை முடிவு சொல்லப்போறாராம், பிள்ளையள் எல்லாம் ஒஸ்ரேலியாவிலையாம், நான் கூட வந்து டொக்டர் சொல்லுறதைத் தமிழிலை சொல்லோணுமாம். பாழாய்ப்போன வாய் ஓம் எண்டிட்டுது. சினிமாச் சண்டியன் செத்தாலும் பிழைச்சாலும் ஒண்டுதான். டொக்டர் ஒண்டு சொல்ல நான் ஒண்டு சொல்லி, அவ பிழையான குளிசையைப் போட்டால் என்ன செய்யிறது? பயத்திலை சோறு இறங்குதில்லை. உண்மையைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு. அக்னெஸ் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைக்கிறா. தற்செயலா வந்தமாதிரி வந்து என்னைக் காப்பாத்து பிள்ளை.

மாதாவின் காவல் உன்னோடிருக்க வேண்டும்,
உன்னில் மட்டில்லாத அன்புள்ள, தன்னில் மருந்துக்கும் மதிப்பில்லாத,
வின்சன்ட் மாமா

பி.கு.: நீ வரவேண்டாம், நானே போறன். இண்டைக்கு வெக்கத்தை விட்டு அல்போன்சம்மாவிட்டை எல்லாத்தையும் சொன்னன். அவ மன்னாரிலை கொன்வென்ற் பள்ளிக்கூடத்திலை முப்பது வருஷம் இங்கிலீஷ் படிப்பிச்சவவாம். படம் ஒரு சொல் விடாமல் விளங்கினதாம். அப்ப என்னை ஏன் கூப்பிட்டனீங்கள் எண்டு கேட்டன். "டொக்டர் சொல்லுறது எனக்கு விளங்கும் தம்பி. விளங்கினாப் பிறகு, பக்கத்திலை இருந்து வேறை மாதிரிச் சொல்லத்தான் ஒரு ஆள் வேணும்" எண்டா.