அடுத்த வருஷம் இறங்கும்

"அறுபத்திரெண்டு சொன்னது போன மாசம் சார். இப்ப அறுபத்தஞ்சு லட்சம்ன்றாரு" என்றார் புரோக்கர் அருள்.

ஹேமநாதன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். இன்னும் மூன்று மாதத்தில் அவருக்கு ரிட்டயர்மெண்ட். ஆவடி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். சேக்காட்டில் சுப்பராயன் விற்கும் அந்த இரண்டு பெட்ரூம் வீட்டில் சாமி படம் எங்கே, துணி காயப்போடுவது எங்கே என்பதுவரை மனைவி பத்மா முடிவு செய்துவிட்டாள்.

"ஒரே மாசத்துல மூணு லட்சமா? ஏன்?"

"தெரியல சார். ஏத்திட்டாரு."

பதினோரு வருஷமாகப் பத்மா ஒரு வீடு கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் விலை இறங்கும், பொறு" என்று ஹேமநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லவில்லை. தொழிற்சாலையில் உதிரி பாகங்களின் அளவைச் சோதிப்பது அவர் வேலை. முடியளவு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டு விலையையும் அப்படித்தான் பார்த்தார். காலை நடையில் எத்தனை 'வாடகைக்கு' போர்டு தொங்குகிறது, எந்தக் கட்டடம் பாதியில் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே போவார். அந்த முடிவை டீக்கடையில் சொல்வார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒவ்வொரு வருஷமும் விலை ஏறியது. ஆனால் யாரும் அவரைக் கேலி செய்ததில்லை. நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வார்.

சுப்பராயன் காதுக்குப் போகட்டும் என்றே அன்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"குத்தம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டு வருது. இனிமே எல்லாரும் அந்தப் பக்கம்தான் வாங்குவாங்க. சேக்காட்டுல அடுத்த வருஷம் கண்டிப்பா இறங்கும்."

இரண்டு பேர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். மறுவாரம் விலை அறுபத்தெட்டு.

ஊர் வாய் வழியாகப் போனதில் விஷயம் திரிந்துவிட்டது போலிருக்கிறது என்று தோன்றியது ஹேமநாதனுக்கு. கிராஃப் தாளில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு நேராகச் சுப்பராயன் வீட்டுக்கே போனார். ஒரு மணி நேரம் விளக்கினார். சுப்பராயன் கண் இமைக்காமல் கேட்டார்.

"நிச்சயமா எறங்குமா சார்?"

"நிச்சயமா."

"டவுட்டு எதுனா கீதா, கொஞ்சமாவது?"

"துளிகூட இல்லை."

சுப்பராயன் முகம் மலர்ந்தது. அவர் மனைவி தாயம்மாள் மோர் கொண்டுவந்தாள். ஹேமநாதன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு நிறைவாக வீடு திரும்பினார்.

மறுநாள் காலை அருள் போன் செய்தார். "எழுபத்திரெண்டு சார். விக்கிறதுக்கு அவசரம் இல்லையாம்."

பத்மா சண்டை போடவில்லை. பரணிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கிப் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"வாடகைக்கே பார்த்துக்கலாம். ஆனா இறங்கும் ஏறும்னு மட்டும் இனிமே என்கிட்ட சொல்லாதீங்க."

ஹேமநாதன் குவார்ட்டர்ஸ் படியில் போய் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷ வேலையில் அவர் சோதித்து அனுப்பிய ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தான் தப்பாக அளந்திருக்கலாம் என்று முதல்முறையாக நினைத்தார்.

மாலையில் சுப்பராயனிடம் போய் முறையாகச் சொல்லிவிட்டார்.

"எங்களுக்குக் கட்டுப்படியாகல. நீங்க அவசரப்பட்டு வித்துடாதீங்க. அடுத்த வருஷம் எண்பதுக்குப் போகும்."

சுப்பராயன் கையிலிருந்த டம்ளர் பாதியில் நின்றது. "இன்னா சார், திடீர்னு இப்டி சொல்றீங்க?"

"மனசார சொல்றேன். இது ஏறத்தான் போகுது. நான்தான் இத்தனை வருஷமா தப்பாப் பார்த்துட்டேன்."

மறுநாள் காலை ஆறரைக்குக் குவார்ட்டர்ஸ் கதவு தட்டப்பட்டது. சுப்பராயன் நின்றிருந்தார். கையில் மஞ்சள் பை, அதில் பத்திரம். பின்னால் தாயம்மாள்.

"அறுபதுக்கே எடுத்துக்கங்க சார். அட்வான்ஸு மட்டும் இன்னிக்கே குட்துடுங்க."

ஹேமநாதன் நெகிழ்ந்துபோனார். உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு பெருந்தன்மையா? அதைப் பயன்படுத்திக்கொள்ள மனசு வரவில்லை.

"வேண்டாங்க. நீங்க நஷ்டப்படக் கூடாது. நான் நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன், விலை கண்டிப்பா ஏறும்."

சுப்பராயன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அம்பத்தெட்டு."

"அதில்லைங்க, ஒரு வருஷம் வெச்சிருந்தீங்கன்னா..."

"சார், உங்க கால்ல வேணாலும் வுழறேன், அத்த மட்டும் இன்னொரு தபா சொல்லாதீங்க. அம்பத்தஞ்சு."

பத்மா உள்ளே ஓடி, பீரோவிலிருந்து அட்வான்ஸ் பணத்தை எடுத்து வந்து கணவரை முந்திக்கொண்டு தானே நீட்டினாள். சுப்பராயன் எண்ணாமல் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஹேமநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"இவ்வளவு இறங்கி வந்திருக்கீங்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றாள் பத்மா.

தாயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்கதாம்மா சொல்லணும், சார் எறங்கும் எறங்கும்னு சொன்ன ஒவ்வொரு வருசமும் வாங்கிப் போட்டுத்தான் எங்க தெருவே ஆளானது, இப்ப அவரே ஏறும்ன்றாரு, இனிமேட்டு இன்னா தகிரியத்துல வெச்சிக்கினு இருக்கறது?"